காலி வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள்

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டின் ஓரத்தில், டீக்கடை பாய்லர் புகை வந்து கவியும் இடத்தில், ஒரு வேன் நிற்கிறது. உள்ளே ஒருவரும் இல்லை. ரெக்சின் சீட்டுகள் வெயிலில் சூடேறி வாசனை அடிக்கின்றன. என் அப்பா வேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நிற்கிறார். உதடு அசையாமல் பேசுகிறார்.

"வசந்தா, ஏறி ஜன்னல் ஓரமா குந்து. சிரிக்காத. நேரம் ஆவுதேன்னு மூஞ்சிய வெச்சிக்க."

நான் ஏறி உட்கார்ந்து, நேரமாகிறதே என்று முகத்தை வைத்துக்கொள்கிறேன். எனக்கு எங்கேயும் போகவேண்டியதில்லை. பள்ளிக்கூடம் லீவு, அவ்வளவுதான். தொடை சுடுகிறது. வாயில் அப்பா வாங்கிக் கொடுத்த பொறை ரொட்டியின் தித்திப்பு இன்னும் இருக்கிறது.

என் பின்னாலேயே வேர்க்கடலைக்காரப் பட்டம்மா ஏறி, கூடையை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுப் புடவைத் தலைப்பால் தோளை மூடிக்கொள்கிறார். அடுத்து பூக்கட்டும் அக்கா தங்கைகள். அதுவரை டீக்கடை நிழலில் நின்றிருந்த கூட்டம் சட்டென்று அசைகிறது. நாலு பேர் ஏறுகிறார்கள். பிறகு அவசரமாக எட்டுப் பேர். பிறகு படியில் இடிபடுகிறார்கள்.

சென்ற வாரம் போகிறபோக்கில் "அப்பா வேன் ஏற்றுகிற வேலையில் இருந்தார்" என்று எழுதிவிட்டேன். டிரைவரா, கிளீனரா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டும் இல்லை. இந்த வாரம் அதைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றொன்றாம் வருஷம் என்றும் ஸ்ரீபெரும்புதூர் என்றும் சொன்னவுடன் எல்லோரும் கேட்கும் கேள்வி வேறு ஒன்று உண்டு. அதற்கு இங்கே பதில் கிடையாது. எனக்கு அந்த வருஷம் என்றால் ஒரு வெள்ளை வேன்தான்.

உட்காரும் உத்தியோகம்

அப்பாவின் பெயர் மாணிக்கம். ஸ்டாண்டில் நிற்கும் வேன்களை ஆட்களால் நிரப்பி அனுப்புவது அவர் வேலை. எங்கள் வீடு இருந்த சேரப்பணஞ்சேரி, அதைத் தாண்டிப் படப்பை என்று அந்த வழியாகப் போகிற வேன்கள். பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்றிருந்த காலம். இன்றைக்கு அதே ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நின்று ஒன்றையொன்று ஹாரன் அடித்துத் திட்டிக்கொள்கின்றன. அன்றைக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் ஆடு மேய்ந்தது.

வேன் நிரம்பினால்தான் கிளம்பும். ஆனால் காலி வேனில் ஒருவரும் ஏறமாட்டார்கள். ஏறினால் அது எப்போது நிரம்பி எப்போது கிளம்புவது? ஆகவே யாராவது முதலில் ஏறட்டும் என்று எல்லோரும் வெளியே நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வேன் நிறைய ஆட்கள் வெளியே, காலி வேன் பக்கத்தில். இந்தக் கூத்தைத் தீர்ப்பதற்குத்தான் அப்பா.

தீர்ப்பதற்கு அவரிடம் ஆட்கள் இருந்தார்கள். ஸ்டாண்டில் அவர்களுக்கு 'டம்மி' என்று பெயர். டம்மிகளிலேயே பெரிய கை பட்டம்மா. அவர் முகத்தைப் பார்த்தால் இந்த வேன் இதோ கிளம்பப்போகிறது என்று யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். "இன்னாப்பா, எடுப்பியா மாட்டியா?" என்று டிரைவரை ஒரு அதட்டல் வேறு போடுவார். வேன் நிரம்பி உருண்டு ஸ்டாண்டை விட்டு வெளியே வரும்போது, கழிப்பறைச் சுவர் ஓரம் ஒரு வளைவு வரும். டிரைவர் அங்கே ஆக்சிலேட்டரிலிருந்து லேசாகக் காலை எடுப்பார். பட்டம்மா கூடையோடு அலுங்காமல் இறங்கிவிடுவார். அவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை படப்பைக்குக் கிளம்பினாரோ, அத்தனை தடவையும் அந்த வளைவோடு சரி.

அப்பாவுக்கு வேறு கைவேலைகளும் இருந்தன. "வாங்க வாங்க" என்று அவர் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டால் ஆட்கள் பின்வாங்குவார்கள் என்பார். "எடம் இல்லம்மா, ஒரே ஒரு சீட்டு தான் கீது, பரவால்லியா?" என்று சலிப்போடு சொல்வார். வந்தவர் உடனே அந்த ஒரு சீட்டுக்குச் சண்டை போடத் தயாராகிவிடுவார். தயங்குகிறவர்களிடம், "நீ நின்னுகினே யோசிம்மா, பைய மட்டும் குடு, கை வலிக்கும்ல" என்று பையை வாங்கி உள்ளே வைத்துவிடுவார். பை போன இடத்துக்கு ஆளும் போய்ச் சேரும்.

இதெல்லாம் ஏமாற்று என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்கு வருவேன். வேன் கிளம்பியது, எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அப்பா இல்லாவிட்டால் இருட்டும்வரை நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

நைட்டி அஞ்சலை

ஊரில் எல்லோரையும் வண்டி ஏற்றிய என் அப்பாவால் ஏற்ற முடியாத ஆள் ஒருத்தி இருந்தாள் என்றால் அது என் அம்மா அஞ்சலை. அவருக்குத்தான் அப்பாவின் எல்லா வித்தையும் தெரியுமே. கல்யாணம், சாவு என்று எங்காவது சேர்ந்து போகவேண்டி வந்தால், "சீக்கிரம் கெளம்பு, எல்லாரும் வந்துட்டாங்களாம்" என்று அப்பா சொல்வார். "அதெல்லாம் ஸ்டாண்டுல வெச்சிக்க" என்று அம்மா நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்குத் தெருவில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அது வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் ஹைஸ்கூலில் இருந்தபோது, சைதாப்பேட்டையில் இருந்த சின்னம்மா அம்மாவுக்கு ஒரு நைட்டி வாங்கி வந்தார். ஊதா நிறத்தில் பெரிய பெரிய பூப்போட்ட பருத்தித் துணி. எங்கள் தெருவில் அதுவரை யாரும் அதைப் போட்டதில்லை. அம்மா ஒரு நாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு துண்டையும் போர்த்திக்கொண்டு, குடத்தோடு குழாயடிக்குப் போய்விட்டார். வெயில் காலம். காற்றோட்டமாக இருக்கிறது என்று போட்டதுதான், புரட்சி செய்யப் போகவில்லை.

எதிர்வீட்டுச் சரோஜா அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இன்னாடி அஞ்சல, கவுனு மாட்டிகினு வந்துட்ட? ஸ்கூலுக்குப் போறியா?" குழாயடி முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுததை நான் பார்த்தேன்.

ஆனால் கழற்றிப் போடவில்லை. அதுதான் அம்மா. மறுநாளும் அதே ஊதாப் பூ. அடுத்த கோடைக்குள் தெருவில் பாதி நைட்டி. அதற்கடுத்த கோடையில் சரோஜா அக்காவே காலைக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டிருந்தார். எல்லோரும் போட்டுவிட்டார்கள். பெயர் மட்டும் முதலில் போட்டவளோடு நின்றுவிட்டது. நைட்டி அஞ்சலை. ரேஷன் கடையில், கோயிலில், மாவு மில்லில் எல்லாம் நைட்டி அஞ்சலை. மேலிருந்து கீழ்வரை நைட்டியில் நின்றுகொண்டு சரோஜா அக்கா அப்படிக் கூப்பிடும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லோரும் ரெண்டாவது

அந்தத் தொண்ணூற்றொன்றில் நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்போதுதான் பெங்களூர் ரோட்டில், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இருந்த ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் எங்கள் தெருவுக்கு வந்தார். ரேடியோவுக்கு உள்ளே போகிற சின்னச் சின்னக் கம்பிச் சுருள்களைச் சுற்றும் கம்பெனி. விரல் மெல்லிசாக இருக்கிற பெண் பிள்ளைகள்தான் வேண்டும், பகல் ஷிப்ட் மட்டும், வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடும் என்றார். வீடு வீடாக உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். நல்ல மனுஷி. எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்.

"மத்தவங்க அனுப்பட்டும் மேடம், நாங்களும் அனுப்பறோம்."

சரோஜா அக்கா மகள் கலாவுக்கு ஆசை. சர்ச் பக்கத்து வீட்டு மேரிக்கு என்னைவிட ஆசை. ஆனால் எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் அதுவரை கம்பெனிக்குப் போனதில்லை. நடவுக்குப் போனார்கள், களை எடுத்தார்கள், அதில் யாருக்கும் குறை இல்லை. கேட் போட்ட கட்டடத்துக்குள் போவது என்றால் மட்டும் வேறு பேச்சு.

மேடம் கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் வேன் வரும். யாரும் ஏறாவிட்டால் நிறுத்திவிட்டு, சுங்குவார்சத்திரம் பக்கம் ஆள் எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு அந்த வேலை வேண்டும். இப்போது நினைத்தாலும் அந்த ஆசை நெஞ்சில் வந்து உட்காருகிறது. சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். காலையில் கிளம்பி எங்கேயாவது போய்ச் சேருகிற ஆளாக நான் இருக்கவேண்டும். சின்ன வயசெல்லாம் வண்டியில் ஏறி உட்கார்ந்து, எங்கேயும் போகாமல் வளைவிலேயே இறங்கியவள் நான்.

அம்மாவிடம் அழுதேன், சாப்பிடாமல் இருந்தேன். அம்மா அசையவில்லை.

"மொதல்ல போறவ எம் பொண்ணா இருக்கக் கூடாது. அவ்ளோ தான். ரெண்டாவதா போவட்டும், நானே பொட்டு வெச்சி அனுப்பறேன்."

"ஏம்மா? மொதல்ல போனா இன்னா ஆயிடும்?"

"இன்னா ஆவுமா? நாளைக்கி எல்லாரும் போவாளுங்க. கம்பெனிக்காரின்னு பேரு உனக்கு மட்டும் நிக்கும். எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும்தான்.

அப்பாவும் ஒரு முயற்சி செய்து பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "ரெண்டே சீட்டு தான் பாக்கியாம்" என்றார். அம்மா குழம்புக் கரண்டியோடு திரும்பினார்.

"யார்கிட்ட? உன் பஸ் ஸ்டாண்டு வேலய எங்கிட்ட காட்டாதய்யா."

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தார்.

திங்கட்கிழமை வெள்ளை வேன் வந்தது. தண்ணீர் டேங்க் அருகில் நின்று, இன்ஜினை அணைக்காமல் இரண்டு முறை ஹாரன் அடித்தது. டிரைவர் ஸ்டீபன் அண்ணன், படப்பைக்காரர். ஓட்டுகிற ஆளைத் தவிர உள்ளே ஒருவரும் இல்லை. குழாயடியில் நின்றவர்கள் பார்த்தார்கள். கலா கதவிடுக்கில் பார்த்தாள். நான் ஜன்னலில் பார்த்தேன். வேன் காலியாகவே போனது. செவ்வாய்க்கிழமையும் அதேதான்.

அன்றைக்கு சாயங்காலம் அப்பா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "அந்த ஸ்டீபன் பையனுக்கு ஒண்ணும் தெரியல வசந்தா. காலி வண்டிய இட்டாந்து நிறுத்தினா எவ ஏறுவா?"

புதன்கிழமை

புதன்கிழமை வேன் வந்தபோது உள்ளே நான்கு பெண்கள் இருந்தார்கள்.

மடியில் சாப்பாட்டுத் தூக்கு, துவைத்து மடிப்புக் கலையாத புடவை, முகத்தில் நேரமாகிறதே என்ற சுளிப்பு. முன் ஜன்னலில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். பட்டம்மா. பின்னால் பூக்கட்டும் அக்கா தங்கைகள். இன்னொருவர் ஸ்டாண்டில் பழம் விற்பவர். என்னைப் பார்த்தும் பட்டம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "இன்னாப்பா, எடுப்பியா மாட்டியா?" என்று ஸ்டீபன் அண்ணனை அதட்டினார்.

அவர்கள் எல்லோரும் படப்பைப் பக்கத்து ஆட்கள். காலையில் எப்படியும் வியாபாரத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாண்டுக்குப் போகவேண்டியவர்கள். அப்பா ஸ்டீபன் அண்ணனிடம் பேசிவைத்துக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டார். அவர்களுக்கு ஸ்டாண்டுவரை சும்மா சவாரி, எங்கள் தெருவுக்கு ஒரு காட்சி. அம்மா ஸ்டாண்டு பக்கமே வருவதில்லை, அவருக்கு இவர்கள் யாரையும் தெரியாது. எனக்கு எல்லோரையும் தெரியும். நான் வாயைத் திறப்பேனா?

அம்மா குழாயடியில் குடம் நிரம்பி வழிவதைக் கவனிக்காமல் வேனையே பார்த்தார். வியாழக்கிழமை டேங்க்வரை நடந்துபோய் ஸ்டீபன் அண்ணனிடம் கேட்டார்.

"இவங்கள்லாம் எந்த ஊருப்பா?"

"எல்லாம் படப்ப சைடுக்கா. தெனம் வராங்க."

பொய் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. தினமும் வருபவர்கள்தான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். "வயசான பொம்பளயே போறா. பாத்தா குடும்பப் பொம்பளயாட்டம் தான் கீறா." அப்பா ரசம் மட்டும் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் மனசுக்குள் எவ்வளவு சிரித்திருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

வளைவு

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா எனக்குப் பொட்டு வைத்தார். மஞ்சள் தாவணி, எண்ணெய் வைத்துப் பின்னிய சடை. ஹாரன் சத்தம் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டீபன் அண்ணன் பையை வாங்கி உள்ளே வைத்தார். நான் பட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். குழாயடி முழுக்க எங்களையே பார்த்தது. வேன் உருண்டது.

அப்போதுதான் அம்மா வீட்டிலிருந்து ஓடி வந்தார். கையில் என் சாப்பாட்டுத் தூக்கு. அவசரத்தில் மறந்துவிட்டு வந்திருந்தேன். அதே ஊதாப் பூ நைட்டி, வெளுத்துப்போய், தோளில் ஈரத் துண்டு. "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டு வந்தார். டேங்கைத் தாண்டினால் ஏரிக்கரை ஓரம் ஒரு வளைவு. அந்த வளைவில் ஸ்டீபன் அண்ணன் லேசாகக் காலை எடுத்தார்.

அவ்வளவுதான். பட்டம்மா இறங்கிவிட்டார்.

யாரும் இறங்கச் சொல்லவில்லை. அவர் ஸ்ரீபெரும்புதூர்வரை சொகுசாகப் போகவேண்டியவர். ஆனால் வேன் கிளம்பி, ஒரு வளைவு வந்து, டிரைவர் வேகத்தைக் குறைத்தால் இறங்கவேண்டும் என்று அந்தக் காலுக்கு அத்தனை வருஷப் பழக்கம். இறங்கி, தலைப்பை உதறிக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரில் என் அம்மா நின்றார்.

பட்டம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு, "ஐயோ, எங் கூடை!" என்றார். கூடை சீட்டுக்கு அடியிலேயே இருந்தது.

வேன் நின்றுவிட்டது. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தார். வேர்க்கடலையும், அளக்கிற சின்னப் படியும், மடித்து வைத்த பேப்பர் துண்டுகளும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன. பக்கத்தில் ஒரு பூக்கூடையும் ஒரு சாக்குப்பையும்.

"கம்பெனில வேர்க்கடல எதுக்கும்மே?" என்றார் பட்டம்மாவிடம்.

"கோச்சிக்காதம்மா. மாணிக்கம் தான் குந்தச் சொன்னாரு. ஒரு வாரம் குந்து, எம் பொண்ணு ஏறிட்டா போதும்னாரு."

அம்மா திரும்பிக் குழாயடியைப் பார்த்தார். சரோஜா அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். கலா கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டாள். தெருவே நின்றது.

"எறங்கு" என்றார் அம்மா என்னிடம்.

முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் மேல் கோபம், பட்டம்மாவின் கால் மேல் கோபம், அந்த ஊதாப் பூ மேல்கூடக் கோபம். பையை எடுக்கவும் மனசில்லாமல் இறங்கி ரோட்டில் நின்றேன்.

அம்மா நைட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கோடு வேனில் ஏறினார். பட்டம்மா விட்டுவிட்டு இறங்கிய ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். துண்டைச் சரி செய்துகொண்டார்.

"இன்னா பாக்கற? இப்ப ஏறு."

எனக்குப் புரியவில்லை. அப்படியே நின்றேன்.

"நான் ஏறிட்டேன்ல? நீ ரெண்டாவது. ஏறுடி."

ஏறினேன். அழுதுகொண்டேதான் ஏறினேன். அம்மா என் பக்கம் திரும்பாமல் சொன்னார். "எனக்குத் தான் ஏற்கெனவே ஒரு பேரு கீதே. இதயும் அதோட சேத்து வெச்சிக்கட்டும்." பிறகு வெளியே எட்டிப் பார்த்து, "நீயும் ஏறும்மே, யாவாரம் கெடுது" என்று பட்டம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டார்.

சரோஜா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடி அஞ்சல, நீயும் கம்பெனிக்கா?" என்று தூரத்திலிருந்தே கத்தினார்.

"ஆமாண்டி. உம் பொண்ணுக்கு எடம் போட்டு வெக்கட்டா? ரெண்டே சீட்டு தான் கீது!"

ஸ்டாண்டில் அப்பா

ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாண்டில் டம்மிகளை இறக்கிக்கொள்ள அப்பா காத்திருந்தார். வேன் வந்து நின்றதும் ஜன்னலில் பார்த்தார். நைட்டியில் அம்மா. என் அப்பாவின் வாய் திறந்தபடி நின்றதை என் வாழ்க்கையிலேயே அன்று ஒருநாள்தான் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அம்மா அந்த ஸ்டாண்டில் ஒரு வேனிலும் உட்கார்ந்ததில்லை.

பட்டம்மா, பூக்காரர்கள், பழக்காரர் எல்லோரும் கூடைகளோடு இறங்கினார்கள். அம்மா இறங்கவில்லை.

"நீ எறங்கலியாம்மே?" என்றார் அப்பா.

"கம்பெனி எப்டி கீதுன்னு பாத்துட்டு வரேன்." அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பொம்பளய இனிமே அனுப்பாத. அவளுக்கு வண்டில குந்தவே தெரியல. நான் குந்தறேன்."

அப்பா தலையை ஆட்டினார். வேறென்ன செய்வார்? அவர் கண் கலங்கியிருந்தது. டீக்கடைப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

கேட்டில் என்னை விட்டுவிட்டு, வாட்ச்மேனிடம் நாலு கேள்வி கேட்டு, கழிப்பறையை எட்டிப் பார்த்துவிட்டு, அதே வேனில் திரும்பினார் அம்மா. மறுநாளும் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். ஸ்டாண்டுவரை வந்து, அப்பாவோடு ஒரு டீ குடித்துவிட்டு, அப்பா நிரப்பிய வேனில் திரும்பிப் போனார். கல்யாணமாகி அத்தனை வருஷம் கழித்து அவர்கள் இருவரும் தினமும் சேர்ந்து டீ குடித்தது அந்தக் கொஞ்ச நாள்தான் என்று நினைக்கிறேன். அந்த நாட்களைப் பற்றி அம்மாவிடம் கேட்டால், "டீ நல்லாவே இருக்காது" என்பார். முகம் மட்டும் சிரிக்கும்.

கலா வந்தாள். மேரி வந்தாள். மேரியைப் பார்த்துவிட்டு அவள் சித்தி பெண் வந்தாள். ஒருநாள் காலையில் வேன் வந்து நிற்க, ஸ்டீபன் அண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுச் சங்கடமாகச் சொன்னார்.

"எடம் இல்லக்கா."

நிஜமாகவே இடம் இல்லை. அம்மா எழுந்து தன் ஜன்னல் சீட்டை ஒரு புதுப் பெண்ணுக்குக் கொடுத்தார். வளைவுவரை படியில் நின்றபடி வந்து, ஸ்டீபன் அண்ணன் காலை எடுத்ததும் இறங்கிக்கொண்டார். நான் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். ஏரிக்கரையில் ஊதாப் பூக்கள் சிறிதாகிக்கொண்டே போயின. நான் முதல்முறையாக அம்மா இல்லாமல் கம்பெனிக்குப் போனேன்.

அந்தக் கம்பெனி கைமாறியது, பெயர் மாறியது, நான் சுருள் சுற்றுவதிலிருந்து லைன் சூப்பர்வைசர்வரை வந்தேன். நடுவில் எங்களுக்கு ஆட்களைப் பேசி இணங்கவைப்பது எப்படி என்று வகுப்பெல்லாம் எடுத்தார்கள். நன்றாகவே எடுத்தார்கள். எனக்கு மட்டும் வகுப்பு முழுக்க வேர்க்கடலை வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

நான் விருப்ப ஓய்வு பெற்ற அன்று சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். அப்பா அதைப் பார்க்க இல்லை. அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள், பட்டுப்புடவையில். மேனேஜர் மைக்கைப் பிடித்து, "சேரப்பணஞ்சேரி பக்கத்திலிருந்து இந்தக் கம்பெனிக்கு முதன்முதலில் வந்த பெண் வசந்தா மேடம்தான்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அம்மாவுக்குக் காது மந்தம், ஆனால் அது மட்டும் கேட்டுவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"அவ இல்ல சார். மொதல்ல ஏறுனது நானு. எம் பொண்ணு ரெண்டாவது."

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கிப் போய், அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.